பேசியதற்குச் சாட்சி எங்கே?

ஹாம் வானொலிப் பேச்சு பத்து விநாடியில் முடிந்துவிடும். பேசியதை நிரூபிக்கும் தபால் அட்டைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது கணினி அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் மனம் வைத்தால்தான்.

2004 டிசம்பர் 3ஆம் தேதி. அந்தமானின் போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு ஹோட்டலிலிருந்து வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறி சிற்றலையில் ஒலித்தது. அவ்வளவுதான். ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஹாம்கள் ஒரே நேரத்தில் கூவத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் தேனீக் கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல். அந்த இரைச்சலிலிருந்து ஒரு குறியைப் பிரித்தெடுத்துப் பதில் சொல்வதும், உடனே அடுத்தவருக்குத் தாவுவதுமாக நாள் கழிந்தது.

ஹைதராபாத்தில் உள்ள நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவின் சார்பில் அந்தக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றவர் பாரதி பிரசாத். ஒவ்வொருவருடனும் அவர்கள் பேசியது என்ன? "ஐந்து ஒன்பது" என்று இவர்கள் சொல்ல, "உங்களுக்கும் ஐந்து ஒன்பது, நன்றி" என்று அவர்கள் சொல்ல, விஷயம் முடிந்தது. சமிக்ஞை தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்பதுதான் இந்த எண்களின் பொருள். பெயர் விசாரிக்கக்கூட நேரமில்லை.

இந்த இரண்டு எண்களுக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. 1987க்குப் பிறகு 17 ஆண்டுகள் அந்தமானிலிருந்து ஹாம் அலை எழவில்லை. பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. இதற்கிடையே அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் நடத்தும் டி.எக்ஸ்.சி.சி. என்ற விருதின் பட்டியலில் அந்தமான் நிக்கோபார் தனி இடமாகக் கணக்கிடப்படுகிறது. இந்தியப் பெருநிலம் ஒன்று, அந்தமான் நிக்கோபார் ஒன்று, லட்சத்தீவு ஒன்று என இந்தியக் கொடியின் கீழ் மூன்று இடங்கள். உலகம் முழுவதும் 340. நூறு இடங்களுடன் பேசி நிரூபித்தால் சான்றிதழ் உண்டு. அதற்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்து முழுப் பட்டியலை நெருங்குவதற்குள் பலருக்கு ஆயுளே கழிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களின் பட்டியலில் விடுபட்டுப்போன சில இடங்களில் ஒன்றாக அந்தமான் இருந்தது.

டிசம்பர் 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது. சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. விருதுக்காகக் கொண்டுபோன அதே வானொலிப் பெட்டிகள் அன்று முதல் உயிரோடு இருப்பவர்களின் செய்தியைச் சுமந்தன. போர்ட் பிளேயருக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் பிரதான நிலத்துக்கும் இடையே ஹாம்கள் பாலமானார்கள். அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதிகம் சொல்லப்படாதது, அதற்கு முந்தைய 23 நாட்களின் பதிவேட்டில் குவிந்துகிடந்த ஆயிரக்கணக்கான அழைப்புக் குறிகளின் கதை. அந்தக் குறிகளுக்கு உரியவர்கள் அனைவருக்கும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: "ஆம், நீங்கள் பேசினீர்கள்" என்று அந்தமானிலிருந்து ஓர் ஒப்புதல். அந்த ஒப்புதலின் பெயர் க்யூ.எஸ்.எல்.

கடைசி மரியாதை

தந்தி காலத்தில் நேரத்தை மிச்சப்படுத்த வகுத்த மூன்றெழுத்துக் குறிகளில் ஒன்று க்யூ.எஸ்.எல். 'கிடைத்தது என்று உறுதி செய்கிறேன்' என்பது பொருள். அந்த உறுதியை அச்சடித்த அட்டைக்கும் அதுவே பெயராகிவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே அமெரிக்காவில் அட்டை அனுப்பும் வழக்கம் தொடங்கிவிட்டது. 1921இல் 2ஜே.கே. என்ற குறியுடன் இந்தியாவின் முதல் ஹாமாக உரிமம் பெற்ற கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தாவின் நாளிலிருந்து இன்றுவரை, தொலைதூரத்தில் யாரோ தன் குரலைக் கேட்டார் என்பதற்கு ஒரு ஹாம் எடுத்துக்காட்டக்கூடிய ஆதாரம் இதுதான். வானொலி நேயர்களுக்கும் இது புதிதல்ல. ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று எழுதியனுப்பிய நேயர்களுக்கு அகில இந்திய வானொலியும் க்யூ.எஸ்.எல். அட்டை அனுப்பியிருக்கிறது.

தபால் அட்டை அளவு. ஒரு பக்கம் படம்: தாஜ்மகாலோ கோவில் கோபுரமோ, ஆன்டெனாவின் கீழ் குடும்பத்தோடு நிற்கும் புகைப்படமோ. அதன் மேல் பெரிய எழுத்தில் அழைப்புக் குறி. மறுபக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள்: யாருடன், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அலைவரிசை, மோர்ஸா பேச்சா, சமிக்ஞை எப்படி. கீழே கையெழுத்து. 'பேச்சின் கடைசி மரியாதை அட்டை அனுப்புவது' என்பது ஹாம்கள் மத்தியில் தலைமுறைகளாக வழங்கும் வாக்கு.

மரியாதைக்கும் செலவு உண்டு. மலிவான வழி 'பீரோ'. அந்தந்த நாட்டு ஹாம் சங்கம் தன் உறுப்பினர்களின் அட்டைகளை வாங்கி, நாடு வாரியாகப் பிரித்து, மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. வந்த மூட்டையை அழைப்புக் குறி வாரியாகப் பிரித்து விநியோகிக்கிறது. இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. உலகெங்கும் பீரோக்களில் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மூட்டை கட்டும் அளவுக்கு அட்டை சேரும்வரை சின்ன நாடுகளுக்கு எதுவும் புறப்படாது. ஆகவே இன்று பேசியவரின் அட்டை சில மாதங்களில் வரலாம், சில ஆண்டுகளிலும் வரலாம். பிள்ளை பள்ளியில் சேர்ந்தபோது பேசியதற்கு அவன் கல்லூரிக்குப் போகும்போது அட்டை வரும் என்பது பீரோவைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு. முழுக்க வேடிக்கையும் அல்ல.

அவசரக்காரர்களுக்கு நேரடித் தபால். தன் அட்டையுடன் தன் முகவரி எழுதிய உறை ஒன்றையும், பதில் தபாலுக்கான செலவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வெளிநாட்டுத் தபால்தலையை உள்ளூரில் எப்படி வாங்குவது? அதற்காக 1907இல் புழக்கத்துக்கு வந்தது சர்வதேசப் பதில் கூப்பன். ஆனால் பிரிட்டன் 2011இலும் அமெரிக்கா 2013இலும் இதன் விற்பனையை நிறுத்திவிட்டன. பலர் உறைக்குள் டாலர் நோட்டு வைத்தார்கள். அதற்கு ஹாம்கள் வைத்த செல்லப் பெயர் 'பச்சைத் தபால்தலை'. பச்சை நிறம் உறையைத் தாண்டியும் சிலர் கண்ணில் படும். உறையின் மேல் அழைப்புக் குறியை எழுதாதீர்கள், உள்ளே பணம் இருப்பது தெரிந்துவிடும் என்று மூத்த ஹாம்கள் இளையவர்களுக்கு எச்சரிப்பதன் காரணம் இதுதான். வராமல் போன அட்டைகளில் எத்தனை தபாலில் தொலைந்தவை, எத்தனை எதிர்முனைக்காரரின் சோம்பலால் எழுதப்படாதவை என்பது யாருக்கும் தெரியாது.

அரிய இடத்திலிருந்து பேசுபவரின் பாடு இன்னும் திண்டாட்டம். சில வாரங்களில் பல்லாயிரம் பேருடன் பேசிவிட்டு வீடு திரும்பினால் வாசலில் உறைகள் குவிந்திருக்கும். ஒவ்வொன்றையும் பதிவேட்டுடன் ஒப்பிட்டு எழுத வேண்டும். இதற்காகவே 'க்யூ.எஸ்.எல். மேனேஜர்' என்ற பொறுப்பை ஏற்கும் ஹாம்கள் இருக்கிறார்கள். எங்கோ ஒரு தீவில் நடந்த பேச்சுக்கு வேறொரு நாட்டில் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அட்டை எழுதுபவர்கள் அவர்கள்.

படமில்லாத சாட்சி

கணினி வந்ததும் முதலில் மாறியது வேகம். இக்யூஎஸ்எல் என்ற இணையச் சேவையில் பதிவேட்டை ஏற்றினால் எதிர்முனைக்காரருக்கு அட்டையின் படம் போய்ச் சேரும். அவர் அதை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகு, செலவும் இல்லை. சில விருதுகளுக்கு இது செல்லும். டி.எக்ஸ்.சி.சி.க்குச் செல்லாது.

2003 செப்டம்பரில் அமெரிக்க லீக் தொடங்கிய 'லாக்புக் ஆஃப் த வேர்ல்ட்' வேறு வழியில் போனது. அதில் அட்டையும் இல்லை, படமும் இல்லை. ஒருவர் தன் பதிவேட்டைத் தன் மின் கையெழுத்துடன் ஏற்றுகிறார். மற்றவரும் அப்படியே ஏற்றுகிறார். இரு பதிவுகளிலும் அழைப்புக் குறிகள், அலைவரிசை, பேசிய முறை ஆகியவை ஒத்துப்போய், நேர வித்தியாசமும் அரை மணிக்குள் இருந்தால் தொடர்பு உறுதியாகிவிடும். யார் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் பார்த்து எழுத முடியாது என்பதுதான் இதன் பலம். இரண்டு சாட்சிகளைத் தனித்தனி அறையில் வைத்து விசாரிப்பது போன்றது இது.

மின் கையெழுத்து சும்மா கிடைப்பதில்லை. இந்திய ஹாம் ஒருவர் தன் உரிமத்தின் நகலையும் அரசு வழங்கிய அடையாள ஆவணம் ஒன்றின் நகலையும் அனுப்ப வேண்டும். சரிபார்த்த பின் வழங்கப்படும் சான்று மூன்று ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க ஹாம்களுக்கான ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களின் பதிவு முகவரி உண்மைதானா என்று பார்க்க, ரகசியச் சொல்லை அச்சடித்து ஒரு தபால் அட்டையில்தான் அனுப்புகிறார்கள். காகிதத்தை ஒழிக்க வந்த முறைக்கும் தொடக்கத்தில் ஓர் அட்டை தேவைப்பட்டது.

இந்தியர்களுக்கு இதில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. ஹாம்கள் உலகெங்கும் ஒரே பொது நேரத்தை எழுதுகிறார்கள். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 5ஆம் தேதி நள்ளிரவு கடந்து 2 மணிக்குப் பேசினால் பதிவேட்டில் எழுத வேண்டியது 4ஆம் தேதி இரவு 8.30. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியவருக்குத் தேதியே மாறிவிடும். காகித அட்டை என்றால் பெறுபவர் தவறைப் புரிந்துகொண்டு மன்னிக்கலாம். கணினிக்கு அரை மணிக்கு மேல் மன்னிப்பு கிடையாது. பதிவு அங்கேயே கிடக்கும். ஜோடி மட்டும் சேராது.

2017க்குப் பிறகு கணினி வழி தவிர்க்க முடியாததாகிவிட்டது. 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கிய எஃப்.டி.8 என்ற முறைதான் காரணம். காதுக்குக் கேட்காத அளவு மெலிந்த சமிக்ஞையைக்கூடக் கணினி 15 விநாடித் துண்டுகளாகப் படித்துவிடுகிறது. மாடியில் கம்பி ஒன்றைக் கட்டி, குறைந்த சக்தியில் ஒலிபரப்பும் அடுக்குமாடிவாசியும் ஒரே மாலையில் பல நாடுகளைத் தொட முடிகிறது. அத்தனைக்கும் அட்டை எழுதி, தலை ஒட்டி அனுப்புவது எப்படி? பதிவேட்டைக் கணினியே எழுதிக்கொள்கிறது. ஏற்றுவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஏற்றக் கட்டணமில்லை. உறுதியானதை விருதுக்குக் கணக்கு வைக்கும்போதுதான் பணம். நூறு கோடிக்கும் அதிகமான பதிவுகள் அங்கே சேர்ந்துவிட்டன.

காகிதமும் கணினியும் சமரசம் செய்துகொண்ட இடமும் உண்டு. 'க்ளப் லாக்' என்ற இணையச் சேவையில் ஒருவர் தன் தொடர்பு பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே பணம் கட்டி, காகித அட்டையை வரவழைக்கலாம். தன் அட்டையை அனுப்ப வேண்டியதில்லை, டாலர் நோட்டையும் உறைக்குள் ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டும் சறுக்கும்

கணினி வந்தால் கவலை தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 2024 மே மாதம் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அமெரிக்க லீக்கின் கணினி வலையமைப்பைப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல் தாக்கியது. முன்னெச்சரிக்கையாக லாக்புக் ஆஃப் த வேர்ல்டும் மூடப்பட்டது. அது மீண்டும் திறந்தது ஜூலை 1ஆம் தேதி. பதிவுகளுக்குச் சேதமில்லை என்று லீக் அறிவித்தது. ஆனால் மற்ற கணினிகளை மீட்க 10 லட்சம் டாலர் கப்பம் கட்ட வேண்டியிருந்ததையும் பின்னர் ஒப்புக்கொண்டது. பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றது. ஆறு வாரங்களுக்கும் மேலாக உலகம் முழுவதும் ஹாம்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள், உறுதி செய்யத்தான் இடமில்லை. பீரோ மூட்டைகள் உலகம் முழுவதும் சிதறிக் கிடப்பதால் அவற்றை ஒரே அடியில் யாரும் முடக்க முடியாது என்று காகிதக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டிருந்தால் வியப்பில்லை.

அந்தப் பெருமையும் நீடிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுங்க விதிகள் மாறியதால் அந்த நாட்டுக்கான தபால் சேவையை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. உலகிலேயே அதிகமாக ஹாம்கள் வாழும் நாடுகளில் ஒன்றுக்கு இங்கிருந்து ஓர் அட்டை அனுப்பவும் வழியில்லாத வாரங்கள் அவை. 2020இல் கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றபோதும் இதே கதைதான்.

ஆகவே எது சிறந்தது என்ற வாதம் ஓய்வதில்லை. அட்டைப் பிரியர்கள் சொல்வது: திரையில் தெரியும் ஒரு வரியைச் சுவரில் மாட்ட முடியுமா? அது எந்த ஊர், அவர் எப்படிப்பட்டவர் என்று அது சொல்லுமா? கணினிக்காரர்கள் கேட்பது: அட்டைக்கும் தபாலுக்கும் செலவழிக்க முடியாத கல்லூரி மாணவர் என்ன செய்வார்? இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இந்தியாவில் உரிமக் கட்டணத்தைவிட வெளிநாட்டுத் தபால் செலவுக்கு அஞ்சியே அட்டை அனுப்பாதவர்கள் உண்டு.

ஆனால் இந்த வாதத்தில் மறைந்துபோகும் ஒன்று இருக்கிறது. அட்டையோ மின் பதிவோ, அதை எழுதுபவருக்கு அதனால் பெரும்பாலும் லாபமில்லை. ஐரோப்பாவில் இருப்பவருக்கு ஓர் இந்திய ஹாமின் ஒப்புதல் தேவைப்படுவது போல இந்திய ஹாமுக்கு அவருடையது தேவைப்படுவதில்லை. ஜெர்மனியுடன் அவர் நூறு முறை பேசி உறுதி செய்திருப்பார். லட்சத்தீவிலிருந்து 2007 ஜனவரியில் வி.யு.7ஆர்.ஜி. என்ற குறியில் பேசியவர்களுக்கு எதிர்முனை அட்டை எதுவும் அவசியமில்லை, எதிர்முனைக்குத்தான் அவர்களுடையது உயிர். (ஹாமாக இருந்த ராஜீவ் காந்தியின் வி.யு.2ஆர்.ஜி. என்ற குறியை நினைவூட்டும் பெயர் அது.) க்யூ.எஸ்.எல். என்பது தனக்குத் தேவையில்லாத ஒரு வேலையை, முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்வது. தபால்தலை ஒட்டுவதும் பொத்தானை அழுத்துவதும் அந்த வேலையின் அளவைக் குறைக்கலாம். செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை எந்த மென்பொருளும் தருவதில்லை.

அலமாரியில் இருக்கும் நோட்டு

ஒரு ஹாம் இறந்தால் 'சைலன்ட் கீ' என்கிறார்கள். மோர்ஸ் விசை அடங்கிவிட்டது என்று பொருள். அவருடைய அட்டைப் பெட்டிகள் பெரும்பாலும் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகின்றன. இந்த இழப்பைத் தடுக்க ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஓர் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. உலகெங்குமிருந்து வரும் பழைய அட்டைகளை லட்சக்கணக்கில் அது பாதுகாத்து வைத்திருக்கிறது. மறைந்துபோன நாடுகளின் பெயர்கள் அந்த அட்டைகளில் இன்னும் இருக்கின்றன.

மின் பதிவுகளுக்கு இந்தக் கதி வராது என்று சொல்ல முடியாது. கையெழுத்துச் சாவி அவருடைய கணினியில், கடவுச்சொல் அவருடைய மனதில். மூன்று ஆண்டுகளில் சான்று காலாவதியாகிவிடும். ஏற்றிய பதிவுகள் நிற்கும். ஏற்றாதவை அவருடன் போய்விடும்.

அப்படி ஏற்றப்படாதவை இந்தியாவில் ஏராளமாக இருக்க வாய்ப்புண்டு. 1970களிலும் 80களிலும் இங்கே ஹாம்கள் மிகச் சொற்பம். வெளிநாட்டுக் கருவியை இறக்குமதி செய்வது கனவு, போரில் மிஞ்சிய பழைய ராணுவப் பெட்டிகளையும் கையால் கட்டிய ஒலிபரப்பிகளையும் வைத்தே பேசினார்கள். வி.யு. என்று தொடங்கும் குறி காதில் விழுவதே வெளிநாட்டவர்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பேச்சுகள் எல்லாம் தைத்த நோட்டுகளில் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. நோட்டின் வலது ஓரத்தில் இரண்டு சிறிய கட்டங்கள் இருக்கும்: அட்டை அனுப்பியது, அட்டை பெற்றது. பல வரிகளில் இரண்டும் காலி. அன்று தபால் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் விட்டவை அவை.

அந்தக் கடனை இன்றும் தீர்க்கலாம். 1945 நவம்பர் 15 முதல் நடந்த எந்தத் தொடர்பையும் லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் ஏற்ற முடியும். சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் குறியில் முதன்முதலாகப் பேசிய தேதியைக் குறிப்பிட்டால் போதும். பிறகு நோட்டைப் பிரித்துக் கணினியின் முன் உட்கார வேண்டும். ஒரு பேரனோ பேத்தியோ தட்டச்சு செய்ய, தாத்தா வாசிக்கலாம். தேதி, நேரம், அலைவரிசை, குறி. நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டுமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏதோ ஓர் ஊரில், 40 ஆண்டுகளுக்கு முன் ஒரு இந்தியக் குரலைக் கேட்டு அட்டைக்காகக் காத்திருந்து மறந்தும் போன ஒருவர், காலையில் கணினியைத் திறக்கும்போது பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும்.